ஒற்றை விரல் வாசிப்பு

அந்தக் கடையில் அவனுக்குப் பெயர் லோடு. பதினேழு வருடங்களுக்கு முன்னால் பியானோவையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஏற்றி இறக்க வந்தவன் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு முதலாளி அவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்துக் கிட்டார் விற்கும் பிரிவில் நிறுத்தினார். சட்டை மாறியது, பெயர் மாறவில்லை. போன மாதம் சேர்ந்த பில் போடும் பெண்கூட "லோடண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். மரியாதை அந்த அண்ணேயில் இருக்கிறதாம்.

கிட்டார் விற்கிறவனுக்கு நாலு பாட்டாவது வாசிக்கத் தெரிய வேண்டும் என்று அவனும் தலைகீழாக நின்று பார்த்தான். பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். ஒரு தந்தியை அழுத்தினால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து அமுங்கும். பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் சுரக்கூட்டான கார்டுகளில் எஃப் கார்டு என்று ஒன்று இருக்கிறது. கிட்டார் கற்க ஆசைப்பட்டவர்களில் பாதிப் பேரைக் காவு வாங்கியது அதுதான். லோடு அதோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினான். கதவிடுக்கில் மாட்டிய பூனையின் சத்தம்தான் வந்தது.

கூட்டமில்லாத ஒரு மதியம். தந்தி முறுக்கும் திருகு பழுதாகித் திரும்பி வந்த கிட்டார் ஒன்றில் மேலே இருக்கும் தடித்த தந்தி தளர்ந்து கிடந்தது. இறுக்கப் போனவன் பாதியில் கையை எடுத்தான். காதுக்கு இதமாக இருந்தது. அதற்குத் தோதாக அடுத்த தந்தியையும், கடைசியிலிருந்த மெல்லிய தந்தியையும் கொஞ்சம் இறக்கினான். இப்போது இடது கை எதையும் தொடாமலே, சும்மா ஒரு தட்டுத் தட்டினால் ஆறு தந்தியும் ஒரே குரலில் பாடின. ஒற்றை விரலைக் குறுக்கே படுக்கவைத்து கிட்டார் கழுத்தின் ஐந்தாம் கட்டத்தில் அழுத்தினால் ஒரு கார்டு, ஏழாம் கட்டத்தில் இன்னொன்று. அவ்வளவுதான். உலகத்தில் பாடப்படும் பாட்டுகளில் பாதி அந்த மூன்று இடத்துக்குள் அடக்கம்.

தானே கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வாரம் மிதந்தான். பிறகு செல்போனில் தேடியபோது அதற்கு ஏற்கெனவே ஓப்பன் ஜி என்று பெயர் வைத்திருந்தார்கள். சப்பென்று போயிற்று. ஆனாலும் விடவில்லை. இப்படி இன்னும் பல மாற்றுச் சுருதிகள் இருப்பது தெரிந்து, ஒவ்வொன்றாகப் பிடித்தான். டி என்ற சுரம் மூன்று தந்திகளில் வருகிற ஒன்று, அழுகையா ஆறுதலா என்று சொல்ல முடியாத சத்தம் தரும். எல்லோரும் சாப்பிடப் போகும் மதிய இடைவேளையில், ஆறு வருடம், கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கற்றான். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிய நாட்களில் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

முதலாளி ஒரு நாள் அவன் வாசிப்பைக் கேட்டுவிட்டார். கேட்டதும் அவர் புத்தி வியாபாரத்துக்குப் போனது. அன்று முதல் வருகிறவர்களுக்கெல்லாம் லோடு வாசித்துக் காட்ட வேண்டும். ஒற்றை விரல் நகர்வதைப் பார்த்து, இவ்வளவுதானா, நமக்கும் வரும் என்று வாங்கிப் போனார்கள். ஆனால் கட்டிக் கொடுக்கும்போது கிட்டாரை வழக்கமான சுருதிக்கு ஏற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பது கடைச் சட்டம். வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஒற்றை விரலை வைப்பார், பூனை கத்தும். அந்தப் பாவத்தில் தனக்கும் பங்குண்டு என்று லோடுக்குத் தெரியும். தெரிந்தும் விற்றான்.

கடைக்கு மேல்மாடியில் கிட்டார் வகுப்பு தொடங்கப் போவதாகப் பேச்சு வந்தபோது, அவன் மனதில் ஒரே ஒரு ஆசை முளைத்தது. விரல் வளையாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என்ன பேசுவது என்று மனைவியிடம் நாலு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுப் போய்க் கேட்டான்.

"கிளாஸா? நீயா?" முதலாளி சிரித்தார். "எட்டு கிரேடு பரீட்சையும் முடிச்ச சார் வர்றார்ப்பா. நீ மேல போயிட்டா கீழ யாரு விக்கிறது?"

"சனிக்கிழமை மட்டும்தான் முதலாளி. ஆரம்பிக்கிறவங்களுக்கு."

"பாக்கலாம்."

மேலே வகுப்பு தொடங்கிய பிறகும் அந்தப் பாக்கலாமை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினான்.

ஒரு சனிக்கிழமை மேல்மாடி வகுப்பிலிருந்து ஒரு அம்மா கிட்டாரோடு இறங்கி வந்தார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர், வயது ஐம்பதுக்கு மேல். லோடு வாசித்ததைக் கேட்டு வாங்கியவர்தான்.

"தம்பி, எட்டு மாசம் ஆச்சு. சார் விரலை விரி விரின்னு சொல்றார், என் விரல் என்ன ரப்பரா? அன்னிக்கு நீங்க ஒத்த விரல்ல வாசிச்சீங்களே, அது இதுல வரவே மாட்டேங்குது. எனக்கு வேற கிட்டாரைக் குடுத்துட்டீங்களா?"

கேட்கும்போதே கண் கலங்கியிருந்தது. லோடு சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு அவரை ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்காரவைத்து, மூன்று தந்திகளை இறக்கினான்.

"இப்ப சும்மா தட்டுங்கம்மா. ஆங். இனி அந்த விரலைப் படுக்க வைங்க. அஞ்சு. இப்ப ஏழு. திரும்ப எடுத்துடுங்க."

கால் மணி நேரத்தில் அந்த அம்மா ஒரு பாட்டை முழுதாக வாசித்தார். வாய்விட்டுப் பாடவும் செய்தார். பில் போடும் பெண் எழுந்து நின்று பார்த்தாள். பதினேழு வருடத்தில் லோடு அவ்வளவு சந்தோஷமாக அந்தக் கடையில் நின்றதில்லை.

மாடிப்படியில் சார் தடதடவென்று இறங்கினார். "என் ஸ்டூடண்ட் கிட்டார்ல யாரு கையை வெச்சது? அடுத்த மாசம் இவங்களுக்குப் பரீட்சை!"

சத்தம் கேட்டு முதலாளியும் வந்தார். அந்த அம்மா அசரவில்லை. "எனக்குப் பரீட்சை வேணாம். இவரே சொல்லித் தரட்டும். எங்க கிளாஸ்ல இன்னும் மூணு பேர் இப்படித்தான் முழிக்கிறாங்க, அவங்களையும் கூட்டிட்டு வரேன்."

தன் வாயால் இரண்டாம் முறை கேட்கத் துணியாததை இன்னொருவர் கேட்டுவிட்டார். லோடு முதலாளியின் முகத்தையே பார்த்தான்.

"அப்ப நான் கிளம்பறேன்" என்றார் சார்.

முதலாளி சாரின் தோளில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, இவன் விக்கிறவன். ஆளை இழுக்க ஏதோ தட்டுவான். இவனுக்கு வாசிக்கல்லாம் தெரியாது. நீயே சொல்லேன் லோடு."

அந்த அம்மா திரும்பினார். "தம்பி, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?"

நாற்பத்து நான்கு வயது. இனிமேல் எந்தக் கடையில் போய் எந்தப் பெட்டியைத் தூக்குவது? வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு. ஆறு வருட மதியங்களையும் ஓரமாகத் தள்ளினான்.

"தெரியாதுங்கம்மா" என்றான்.

"அப்ப இப்ப எனக்கு வந்துச்சே, அது என்ன?"

சார் கிட்டாருக்குக் கை நீட்டினார். "நானே ஏத்தித் தர்றேன் சார்" என்று வாங்கி, தந்தி அறுந்துவிடாமல் பார்த்துப் பார்த்து மூன்றையும் ஏற்றினான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த அம்மா அதை வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். மாடிக்கும் போகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

முதலாளி கிட்டாரைப் புரட்டிப் பார்த்தார். கீறல் எதுவும் இல்லை.

"பழசு வரிசைல வை, லோடு. நீ ரெண்டு தட்டு தட்டுனா நாளைக்கே போயிடும்."