கடைசிக் கதிரை

ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற புகைக்கூடு தீப்பிடித்தால் வாளியோடு ஓடுகிறவர்கள் உண்டு, மணலோடு ஓடுகிறவர்கள் உண்டு. சாப்பிட உட்காருகிற கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மாத்தளைப் பக்கத்தில் இரண்டே பேர்தான். ஒருவன் அந்தோணி. மற்றவன் அடியேன் சவரிமுத்து.

ரப்பர் ஆலை வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். ரப்பர் பாலுக்கு எவ்வளவு ஆசிட் விடுவது, ஷீட்டை எப்படி ரோலரில் கொடுப்பது என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். தாழ்மையை நான்தான் சொல்லித்தர வேண்டும். அதில் என்னளவுக்குச் சுட்டுக்கொண்டவன் வேறு எவனும் இல்லை.

ஆலையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட எங்கள் தோட்டத்து ரப்பர் மேக்கர் ஓய்வு பெறும் நேரம் அது. அடுத்த ரப்பர் மேக்கர் நானா, அந்தோணியா? இரண்டு பேரும் அவருக்கு உதவியாளர்கள். ஒரே கோயில், ஒரே பூசை. நான் மூட்டை மாதிரி, அவன் காற்றடித்தால் பறக்கிற உடம்பு. ரப்பர் மேக்கருக்குக் கொடுக்கும் வீட்டில் தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருந்தது. எங்களுக்கோ பொதுப் பீலித் தண்ணீர்தான். குடத்தோடு வரிசையில் நின்று நின்று என் மனைவி லில்லி அலுத்துப்போயிருந்தாள்.

"அந்தக் கொழாயில்லாம வூட்டுக்கு வராதீங்க" என்று சொல்லித்தான் அன்று என்னைப் பூசைக்கே அனுப்பினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பழைய ரப்பர் மேக்கருக்குப் பிரியாவிடை விருந்து. அங்கேதான் தோட்டத்து நிர்வாகியான தொரை அடுத்தவர் யார் என்று அறிவிப்பதாக இருந்தது. காலைப் பூசையில் பாதர் பிரசங்கம் வைத்தார். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்கார வேண்டும், அழைத்தவரே வந்து மேலே கூட்டிப்போவார் என்றார். கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது பிரசங்கமா, பதவி உயர்வுக்கு வழியா! திரும்பிப் பார்த்தேன். அந்தோணி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது கேட்டுவிட்டது.

கடைசி ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் ஓடினேன். விருந்து நடந்தது, ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கிற கொட்டகையில். கடைசிக் கதிரை விருந்துச் சமையல் அடுப்புப் பக்கம் கிடந்தது. அதற்கு ஒரு கால் குட்டை. அதன் முதுகில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

"வாங்கண்ணே. நீங்க மூத்தவங்க, தொரைக்குப் பக்கத்துல போய் உக்காருங்க" என்றான் எனக்கும் முன்னால் ஓடிவந்திருந்த அந்தோணி.

"நான் எம்மாத்திரம் தம்பி? நீ போ."

"நான் வெறும் தூசிண்ணே."

"நீ தூசின்னா, அந்தத் தூசியத் தொடைக்கிற துணிடா நான்!"

"துணிக்கு எதுக்குண்ணே கதிரை? கைய எடுங்க."

கடைசியில் ஆளுக்குப் பாதியாக, மத்தியானம் வரை உட்கார்ந்தோம். சோறு பரிமாற வந்த முனியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிட்டு கதிரையெல்லாம் காலியாக் கெடக்கு. இதுல என்ன ரெண்டு பேரும் அடைகாக்குறீங்க?"

தொரை பேச எழுந்தார். அவருடைய கண் பந்தியின் மேல்பக்கத்தைத் தேடியது. நான் பணிவாக ஒரு இருமல் இருமினேன். அந்தோணி என்னைவிடப் பணிவாக இருமினான். மாறிமாறி இருமிக்கொண்டிருந்தபோது நிஜ இருமலே வந்துவிட்டது. அடுப்புப் புகை அல்ல. ரப்பர் கருகும் வாடை. புகைக்கூட்டுக் காவல்காரனோ எங்களுக்கு எதிரே கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எழுந்தால் கதிரை அந்தோணிக்கு. கதிரை போனால் பதவி போச்சு, குழாய் போச்சு. எழாவிட்டால் உள்ளே தொங்குகிற ஷீட் அத்தனையும் சாம்பல். "புகைக்கூடு!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம், ஒன்றாக ஓடினோம். கதிரையை மட்டும் யாரும் விடவில்லை.

"விடுங்கண்ணே!"

"நீ விடுடா!"

உள்ளே, கம்பிலிருந்து நழுவிய ஷீட் ஒன்று புகை போடும் அடுப்பின் மூடிமேல் விழுந்து எரிந்துகொண்டிருந்தது. அதன் நேர் மேலே தொங்கிய ஷீட்டுகளை இழுத்து எறியாவிட்டால் புகைக்கூடே போய்விடும். மேல் கம்பு கைக்கு எட்டாது. ஏணி? தொரையை வரவேற்கத் தோரணம் கட்டுவதற்காக அதைக் கொட்டகைக்கு அனுப்பிய புத்திசாலி நான்தான். இருந்தது கதிரை ஒன்றுதான்.

இந்தத் தடவை "நீங்க போங்க, நீ போ" என்ற பேச்சே இல்லை. அந்தோணி ஏறினான். நான் மண்டியிட்டுக் குட்டைக்காலைப் பிடித்துக்கொண்டேன். ரப்பர் உருகி என் பிடரியில் சொட்டியது. தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டேன். அவர்கள் தீர்ந்ததும் நாவுல டவுன் வரைக்கும் பஸ் நிற்கிற ஊர்ப் பெயர்களைச் சொல்லி அலறினேன். ஓடிவிடத்தான் கால் துடித்தது. கையை எடுத்தால் அவன் நேரே நெருப்பில். குழாயாவது, பதவியாவது, ஒன்றும் நினைவில் இல்லை.

அந்தோணி ஷீட்டுகளை இழுத்து வாசலுக்கு எறிந்தான். ஆட்கள் வாளியோடு வந்து தீயை அணைத்தார்கள். பின்னால் வந்த தொரைக்குப் புகையில் மேலே நின்றவன் மட்டும்தான் தெரிந்தான்.

"சபாஷ் அந்தோணி! நீதான் ரப்பர் மேக்கர்!"

அந்தோணி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "இல்லீங்க தொர" என்றான். "கீழ சவரிமுத்து அண்ணன் இருக்காரு. அவரு கைய விட்டிருந்தா நான் இன்னேரம் கரி."

தொரை குனிந்து பார்த்தார். என் முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளை. எட்டிப் பிடித்தால் பதவி கைக்கு வந்துவிடும் என்று தெரிந்தது.

"ஏறுனவன் அவன்தாங்க தொர. வேலைய அவனுக்கே குடுங்க. எனக்கு முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் லில்லியின் முகம் ஞாபகம் வந்தது. நெருப்புக்குக்கூட அப்படி நடுங்கவில்லை.

வீட்டில் அவள் என் பிடரியில் தேங்காயெண்ணெயைப் பூசிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். அந்தோணி புது வீட்டுக்குக் குடிபோன அன்று அவனே எங்கள் வாசலுக்கு வந்து அந்தக் குடத்தை வாங்கிப்போய், தன் வீட்டுக் குழாயில் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தான். அதற்குப் பிறகு லில்லி பீலிக்குப் போகவில்லை, அந்தக் குழாய்க்கே போனாள்.

தம்பிமாரே, கடைசி இடத்தில் உட்கார்ந்துகொண்டு யார் பார்க்கிறார்கள் என்று கழுத்தை நீட்டினால், அது முதல் இடத்துக்கு நிற்கிற வரிசைதான். நிஜமான கடைசி இடத்தில் இருக்கிறவனுக்குக் கழுத்தைத் திருப்ப நேரமிருக்காது. இது மறந்துபோனாலும் பரவாயில்லை. புகைக்கூட்டு ஏணியை மட்டும் தோரணம் கட்ட எடுக்காதீர்கள்.