சக்கரம் வைத்த விளக்குப் பெட்டி

தெப்ராவில் எங்கள் வீட்டுப் பின்னறை அப்பாவின் தூண்டில்களுக்கானது. அதை எனக்கு விட்டுக் கொடுக்கும்போது அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பங்குனி உத்திரத்துக்குள் கோயில் தொண்டர்களின் சட்டைகளை ஒழுங்காக அச்சடித்துக் கொடுத்துவிட்டால் அறை என்னுடையது. இல்லாவிட்டால் தூண்டில்கள் திரும்பி வரும். நான் அக்கம்பக்கத்துப் பையன்களைப் போல விடியுமுன் பஸ் ஏறி, எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போக வேண்டும்.

"டிப்ளோமா முடிச்சவன் வீட்டுல சட்டை அடிக்கிறான்னு யாராச்சும் கேட்டா நான் என்னா சொல்றது?"

"பிரிண்டிங் டெக்னாலஜின்னு சொல்லுங்கப்பா."

"அதெல்லாம் என் வாயில வராது."

வேலை விளங்காத ஒன்றல்ல. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில், வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் ஒரு பசையைத் தடவ வேண்டும். கறுப்பில் அடித்த படத்தை அதோடு ஒட்டி வைத்து வெளிச்சம் காட்ட வேண்டும். படம் மறைத்த இடத்துப் பசை மட்டும் இறுகாமல் தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாகத்தான் சட்டையில் மை இறங்கும். வெளிச்சத்துக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. "வெயில் இருக்குல்ல? கரண்டு பில்லு கூட கிடையாது."

செய்து பார்த்தேன். சட்டத்தை வாசலில் வைத்ததும் ஒரு மேகம் வந்து நின்றது. "இப்ப போயிரும் லா," என்றார் அப்பா. போகவில்லை. வெளிச்சம் போதாமல் பசை இறுகவில்லை. சட்டத்தைக் கழுவினேன். பசையோடு வேல், மயில், கோயில் பெயர் எல்லாம் ஓடிப்போயின.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு எது வாங்கினாலும் அதைப் பற்றி எல்லாவற்றையும் படித்து முடிப்பது என் பொறுப்பு. சோறு வேக வைக்கும் குக்கர் வாங்கியபோது நான் படித்து முடிக்கும் வரை அம்மா பல நாள் விறகடுப்பில் சமைத்தார். இந்த முறையும் படித்தேன். ஒரு நண்பனிடமிருந்து சின்ன எல்.இ.டி. பெட்டி இரவல் வாங்கினேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் படத்தைத் துணியோடு அழுத்திப் பிடிக்க அதில் வழியில்லை. இடுக்கில் வெளிச்சம் புகுந்து மயில் தோகையின் மெல்லிய கோடுகள் அடைபட்டன. பாலிடெக்னிக் புத்தகங்களை எல்லாம் மேலே அடுக்கிப் பார்த்தேன். என் படிப்புக்கு அவ்வளவு எடை இல்லை.

அம்மா சட்டத்தைத் தூக்கி, தோகை போன மயிலைப் பார்த்தார். "கோழி நல்லாத்தான் இருக்கு."

பொந்தியானில் ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, தன் அச்சுக்கடையை மூடுவதாகக் கேள்விப்பட்டு, அப்பாவின் வேனில் போனோம். அவர் விற்க வைத்திருந்த பெட்டி ஐஸ்கிரீம் ஃப்ரீஸர் அளவு இருந்தது. மேலே கண்ணாடி, உள்ளே விளக்குகள். ரப்பர் மூடியை இறக்கினால் காற்றை உறிஞ்சி, படத்தையும் துணியையும் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். நான் கையோடு கொண்டு போன சின்னச் சட்டத்தை வைத்து, பகுதி பகுதியாக மறைத்து, வெவ்வேறு நேரம் வெளிச்சம் காட்டிச் சோதித்தேன். மற்றவர்கள் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுவார்கள், இவன் பரீட்சை எழுத வந்திருக்கிறான் என்று தவுக்கே அப்பாவிடம் மலாயில் சொன்னார். கழுவியபோது தோகையில் ஒரு கோடு கூடக் குறையவில்லை. வாங்கிவிட்டேன்.

வீட்டில் வேனிலிருந்து இறக்கும்போதுதான் பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரங்கள் இருப்பதை அப்பா கவனித்தார்.

"எலுமிச்சம்பழம் எடுத்துட்டு வா."

"அப்பா, இது வண்டி இல்ல."

"சக்கரம் இருக்குல்ல?"

சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, பழம் நசுங்க நசுங்கப் பெட்டியை முன்னே தள்ளினேன். அம்மா சூடம் காட்டினார். வண்டி என்றால் பொட்டு முன் கண்ணாடியில் வைப்பதுதான் வழக்கம். இதற்கு ஒரே ஒரு கண்ணாடிதான்.

"மூலையில வைங்கம்மா," என்றேன். சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். வண்டியில் வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. நானும் துடைக்கவில்லை. என் சோதனைச் சட்டங்கள் சின்னவை, மூலை வரை போகவே இல்லை. நான் அதை மறந்துவிட்டேன்.

கோயில் சட்டையின் படம் பெரியது, சட்டமும் பெரியது. கழுவியபோது ஓரத்திலிருந்த வேலுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு துளை விழுந்தது. மஞ்சள் சட்டை ஒன்றில் சிவப்பு மையை இழுத்துப் பார்த்தேன். துளையும் அச்சானது. வேறு சட்டத்தில் புதிதாகப் பசை தடவிச் செய்தேன். அதே இடத்தில் அதே வட்டம். உத்திரம் நெருங்கிவிட்டது. விளக்கு பழுது, தவுக்கே ஏமாற்றிவிட்டார் என்றெல்லாம் யோசித்தேன்.

"நான் அப்பவே சொன்னேன், வெயில்னு," என்றபடி அப்பா சட்டையை விரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "அட, அலமாக்! இது உங்கம்மா வச்ச பொட்டு."

பொட்டு மறைத்த இடத்தில் பசை இறுகவில்லை. இருவரும் கண்ணாடி முன் நின்றோம். நான் துணியை எடுத்தேன், ஆனால் துடைக்கக் கை வரவில்லை.

அப்பா துணியை வாங்கிக்கொண்டார். "வண்டியில வச்சா மழையில தானா போயிரும். இது வீட்டுக்குள்ளயே கிடக்கு, எங்க போவும்?" கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தார். பூஜைத் தட்டை எடுத்து வந்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் தகரத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். "இங்கயும் சாமிக்குத் தெரியும்."

புதிதாகச் செய்த சட்டத்தில் மற்ற சட்டைகள் பொட்டில்லாமல் வந்தன. நான் அவற்றைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா பின்னறையில் மிச்சமிருந்த ஒரு தூண்டிலையும் எடுத்துப் போய் வாசலில் மாட்டினார்.

உத்திரத்தன்று அவர் பொட்டு விழுந்த அந்தச் சோதனைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். தண்ணீர்ப் பந்தலில் தொண்டர் தலைவர் அதை உற்றுப் பார்த்தார்.

"என்னாண்ணே, உங்க சட்டையில மட்டும் பொட்டு?"

"புது வண்டிக்கு வச்சது."

"என்னா வண்டி?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "பிரிண்டிங்... நீயே சொல்லுய்யா, உன் வேலைதானே."