நனைந்த காலும் கழுவிய காலும்

காரைக்குடியில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். வீடு பள்ளத்தூரில். மனைவி அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. தொண்ணூறுகளின் நடுவில் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டி, பழைய மோட்டார் ஒன்றை நானே சரிசெய்து பொருத்தி, குளியலறையில் ஷவர் வைத்தேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் ஷவர். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்து, குழாயைத் திருகி, சட்டையோடு நனைந்து போனார்.

அன்றிலிருந்து என் குளியல் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தலைக்கும் மார்புக்கும் சோப்புப் போட்டுவிட்டு நிற்பேன். நுரை வழிந்து காலுக்கு வரும். கால் அதிலேயே சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன். உண்மையில் காலைப் பற்றி நினைத்ததே இல்லை.

மனைவி அந்த ஷவரைத் தொடவில்லை. பலகையில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில்தான் குளிப்பாள். கடைசியில் பீர்க்கங்கூட்டால் பாதத்தைத் தேய்த்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் கழுவி, வெளியே வந்ததும் அந்த இடுக்குகளைத் துண்டால் ஈரம் போகத் துடைப்பாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் அதை மட்டும் விடமாட்டாள்.

“கால் கழுவவா இம்புட்டு நேரம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் கழுவுறேன். நீங்க நனைக்கிறீக” என்றாள்.

சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பினேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு நாலு நாள் முன்பு, சாமியாருக்கு உதவியாக இருக்கும் எங்கள் கோயில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்து அவர்கள் பாதங்களைக் கழுவுவார். “ஒரு ஆளு கொறையுதுண்ணே. நீங்க வந்து உக்காருவீகளா?” என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. சரி என்றேன்.

வியாழன் மதியம் கடையிலிருந்து சீக்கிரமே வந்து, ஷவரில் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றேன். மனைவி என் காலைப் பார்த்தாள்.

“இந்தக் காலையா சாமியார்ட்ட நீட்டப் போறீக?”

“இப்பத்தான குளிச்சேன்.”

“அதான் தெரியுதே. வாங்க இங்குட்டு.”

கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்காரவைத்து, வெந்நீர் வாளியோடு எதிரே உட்கார்ந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் டீச்சர், என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருக்கிறாள். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. தண்ணீர் பழுப்பாக ஓடியது. வலது குதிகாலுக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

“இங்க வலிக்கலையா?”

“எங்க?”

வெடிப்புக்குள் அரை அங்குலச் செம்புக் கம்பித் துண்டு ஒன்று ஏறியிருந்தது. கடைத் தரையில் கிடப்பது. சுற்றிலும் சிவந்து வீங்கி, ஓரத்தில் சீழ் வைத்திருந்தது. எத்தனை நாள் அதன் மேல் நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கழுவினாள். “கண்ண மூடுங்க. தொடுறப்பச் சொல்லுங்க” என்றாள்.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். காகம் கத்துவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “தொடு, ஏன் சும்மா இருக்க?” என்றேன்.

“மூணு தடவ தொட்டுட்டேன்” என்றாள். குரல் மெதுவாக வந்தது.

சில மாதங்களாகவே எனக்குத் தாகமும் அசதியும் இருந்தன. வெயில் என்று விட்டிருந்தேன். அவள் அவற்றையெல்லாம் அந்தக் கல்லடியிலேயே சேர்த்துப் பார்த்துவிட்டாள். காலைத் துணியால் சுற்றி, உபதேசியாருக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லியனுப்பி, ஆட்டோ பிடித்துக் காரைக்குடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். கம்பியை எடுத்து, ஊசி போட்டு, ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை மிக அதிகம்; பாதம் மரத்துப்போனதும் அதனால்தான். “இன்னும் பத்து நாள் விட்டிருந்தா கால் என்னாகியிருக்கும்னு சொல்ல முடியாது” என்றார் டாக்டர், என்னிடம் அல்ல, அவளிடம்.

திரும்பும் வழியில் கோயிலுக்குப் போனோம். கட்டுப்போட்ட காலோடு பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரும் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய காலோடு வந்திருந்தார்கள். ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார். சாமியார் ஒவ்வொரு பாதத்திலும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டே போனார்.

மனைவி என் பக்கம் சாய்ந்து, “விரலிடுக்குல படவே இல்ல” என்றாள். பூசை நேரத்தில் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டேன். மதியத்திலிருந்து எனக்குள் இருந்த பயம் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, புண்ணைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டியவள் அவள்தான். இன்னொரு காலையும் விடமாட்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பாள். பரீட்சைத் தாள் திருத்தும்போது வரும் அதே முகம் அப்போதும் இருக்கும். ஒருநாளாவது சலித்துக்கொள்வாள், ‘அப்பவே சொன்னேன்ல’ என்பாள் என்று பார்த்தேன். சொல்லவே இல்லை. என்னால் அப்படி இருந்திருக்க முடியாது. கடைசி வாரம் பலகையை என் பக்கம் தள்ளி, “இனிமே நீங்களே கழுவுங்க, நான் பாக்குறேன்” என்றாள். கழுவினேன். இரண்டாம் முறையும் கழுவச் சொன்னாள்.

கட்டைப் பிரிக்கப் போன அன்று டாக்டர் குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்த நர்ஸம்மா கட்டுப் போட்டாக? நல்லா பாத்திருக்காகளே” என்றார்.

“நான்தான் சார்” என்றாள் அவள், அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல.

பஸ்ஸில் வரும்போது அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடினேன். “இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி” என்பதுதான் வாயில் வந்தது.

“ஆமா. நீங்க சன்னலோரம் உக்காருங்க” என்று எழுந்து இடம் மாறினாள். “யாராச்சும் கால மிதிச்சிருவாக.”