இளைய மாமன் விட்டுப்போன ஃப்ளெக்ஸ்

திருக்கோகர்ணத்தில் கருப்பையா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே சத்தம். வெறும் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

கருப்பையா கீழே ஃப்ளெக்ஸ் அடிப்பார். அவர் மனைவி மீனாள் மாடியில் டிசைன் செய்வார். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மீனாளால் படி இறங்க முடியாது. அதனால் இரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு ஷேர்டு ஃபோல்டர் போட்டுக் கொடுத்திருந்தேன். மேலே சேவ் செய்தால் கீழே திறந்துகொள்ளலாம். புது ஃபைபர் கனெக்‌ஷன் வந்ததும் கீழே அந்த ஃபோல்டர் திறக்கவில்லை. எனக்கு போன் செய்த கையோடு, அவசரக்குடுக்கை கருப்பையா முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த ஃபைலை அடித்தும் விட்டார்.

அரிமளத்தில் மறுநாள் காதுகுத்து. ஃப்ளெக்ஸை வாங்க வந்திருந்தவர் குழந்தையின் இளைய தாய்மாமன், சிங்கப்பூரில் வேலை. ஃப்ளெக்ஸில் மூத்த மாமன் ஆளுயரத்துக்குச் சிரிக்கிறார். இவர் இல்லவே இல்லை. எங்கள் பக்கம் கல்யாணப் பந்தியில் இலை போட மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். இதற்கு மன்னிப்பே கிடையாது.

“இதுக்குன்னே லீவு போட்டு வந்துருக்கேங்க. எங்க அக்காளுக்கு என் ஞாபகமே இல்ல. படத்துல இல்லாதவன் மடியில எதுக்குப் புள்ளைய ஒக்கார வைக்கணும்? அண்ணனே வச்சுக்கிரட்டும். நான் ஊருக்கே போகல!”

மாடியிலிருந்து மீனாள் கத்தினார். “தம்பி, ஒங்க அக்கா மத்தியானமே ஒங்க படத்த அனுப்பிச் சேக்கச் சொன்னாக. சேத்துட்டேன். இந்த மனுசன் காலையில எடுத்த பழச அடிச்சுட்டாரு!”

“நான் யாருக்கும் போட்டோவே குடுக்கலையே! சும்மா சமாளிக்காதீங்க.”

கருப்பையா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “அண்ணே, மாடிக்கு வந்து பாருங்கன்னாலும் வர மாட்டேங்குறாரு. அந்த ஃபோல்டர மட்டும் தொறந்து விட்ருங்க. இனிமே பென்டிரைவத் தொட்டா என்னான்னு கேளுங்க.”

“செத்த ஒக்காருங்க தம்பி” என்று அவருக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கீழே புது ரூட்டர். மாடிக்கு சிக்னல் எட்டாததால், நெட் மாட்ட வந்தவர் பழைய ரூட்டரை மேலே வைத்து, புதிதிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டிருந்தார். வீடியோ ஓடினால் கிளம்பிவிடுவார்கள், மிச்சம் நம் தலையில்! இரண்டு ரூட்டருக்கும் ஒரே வைஃபை பெயர். குலதெய்வத்தின் பெயர், அதை எடுக்க கருப்பையாவுக்கு மனசு வரவில்லையாம். பெயர் ஒன்றாக இருந்ததால் நெட்வொர்க்கும் ஒன்றுதான் என்று நம்பியிருக்கிறார். ஐபி முகவரியைப் பார்த்தால் மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை; இரண்டும் தனித்தனி நெட்வொர்க்.

மாடிக்கும் கீழுக்குமாக ஓடினேன். பழைய ரூட்டருக்குப் புது வரிசையில் ஒரு ஐபி கொடுத்து, அது தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியை ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கி லேன் போர்ட்டில் செருகினேன். அப்போதும் ஃபோல்டர் வரவில்லை.

“அது வராதுங்க” என்று மாமன் எழுந்தார். அப்புறம்தான் கவனித்தேன், இது புது நெட்வொர்க் என்பதால் விண்டோஸ் அதைப் பப்ளிக் என்று எடுத்துக்கொண்டு ஷேரிங்கை அடைத்துவைத்திருந்தது. இரண்டு கம்ப்யூட்டரிலும் பிரைவேட் ஆக்கினேன். ஃபோல்டர் வந்தது. அரிமளம் ஃபைலைத் திறந்தேன்.

அண்ணனுக்குச் சமமாகத் தம்பியும் நின்றார். மஞ்சள் ஹெல்மெட், வியர்த்த முகம், படம் கொஞ்சம் மங்கல். மூலையில் சின்னக் கட்டத்துக்குள் ஒரு கைக்குழந்தை.

அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். “இது வீடியோ கால்ங்க. சைட்ல நின்னு பேசுனேன். அன்னைக்குத்தான் மொத மொத பாப்பாவக் காட்டுச்சு. அக்கா இத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுருந்துருக்கு பாருங்க...” அந்தச் சின்னக் கட்டத்தை விரலால் தொட்டார்.

“தம்பி, படம் தெளிவா இல்ல” என்றார் மாடியிலிருந்து மீனாள். “நல்ல போட்டோ இருந்தா அனுப்புங்க, மாத்திர்றேன்.”

“வேணாங்க்கா. ஹெல்மெட்டோடயே இருக்கட்டும்.”

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஃபோல்டர் தெரியவில்லை என்று கூப்பிட்டால் வைஃபை பெயரை நம்பாதீர்கள், ஐபியைப் பாருங்கள். நெட்வொர்க் பிரைவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதற்குள் ஒரு தாய்மாமன் இருந்தார்.