தெய்வசிகாமணியின் மூன்றாவது யோசனை

எங்கள் அலுவலகம் புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் இருந்தது. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் அங்கே வேலை செய்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் அமிர்தவல்லி, அங்கே டைப்பிஸ்டாக இருந்தேன். பக்கத்து மேசை தெய்வசிகாமணி சாருடையது. இது அவரைப் பற்றிய கதை. நடுநடுவே நானும் வருவேன், அதைத் தவிர்க்க முடியவில்லை.

அவர் டைப் கற்றது பிரெஞ்சுக்காரன் காலத்தில். பிரெஞ்சு மெஷினில் எழுத்துகளின் வரிசையே வேறு. இங்கிலீஷ் மெஷினில் ‘க்யூ’ இருக்கும் இடத்தில் அதில் ‘ஏ’ இருக்கும். ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக்காரன் போனான், அவன் மெஷினும் போயிற்று. தெய்வசிகாமணி சார் இங்கிலீஷ் மெஷின் முன்னால் உட்கார்ந்து, மூன்று மாதம் ‘ஏ’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘க்யூ’ அடித்தார். கடிதம் வாங்கியவர்கள் அதுதான் புது சர்க்காரின் பாணி என்று நினைத்துக்கொண்டு பதில் போட்டார்களாம். இதை அவர் சிரிக்காமல் சொல்வார். எதையுமே அவர் சிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

வீடு ரெட்டியார்பாளையத்தில். அவர் மனைவி பார்வதியம்மாவுக்கு எழுபத்தொன்பதாம் வருஷம் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் வீட்டை அடி எண்ணிப் பழகிக்கொண்டார். வாசலிலிருந்து அடுப்புக்குப் பதினோரு அடி. உப்பு இடது பக்கம், மிளகாய்த்தூள் வலது பக்கம். உப்பு ஜாடியை இடம் மாற்றி வைத்த விருந்தாளியை அந்த வீட்டில் மறுபடி கூப்பிட்டதில்லை.

எண்பத்தேழில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு மட்டும் ஏசி போட்ட அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போக வேண்டும். அதிகாரி ஏழு டைப்பிஸ்டுகளையும் வரிசையாக நிற்க வைத்தார். ஒரு மாதம் பயிற்சி, பிறகு பரீட்சை என்றார்.

“பாஸ் பண்ணாதவங்க ஏனாம் ஆபீசுக்குப் போயிடலாம். அங்க இன்னும் டைப்ரைட்டர்தான்” என்றார்.

ஏனாமும் புதுச்சேரிதான், காகிதத்தில். நேரில் அது ஆந்திராவுக்கு உள்ளே இருக்கிறது. ரயிலும் பஸ்ஸுமாக ஒரு ராத்திரி, ஒரு பகல். பேசுவது தெலுங்கு. தெய்வசிகாமணி சார் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. சாயந்திரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னார்.

“நான் எங்க வேணா போயிடுவேம்மா. அவ புது வூட்ல எப்டி நடப்பா? இந்த வூட்ட கத்துக்கவே ஒரு வருசம் ஆச்சு. ரெண்டு தடவ அடுப்புல கைய சுட்டுகினா.”

பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

பயிற்சி ஆரம்பமானது. டைப்ரைட்டரில் வரி முடியப் போகும்போது மணி அடிக்கும், இடது கையால் உருளையைத் தள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் மணியும் இல்லை, உருளையும் இல்லை. கை சும்மா இருக்குமா? முதல் நாளே நான் மானிட்டரை ஓங்கி அறைந்தேன். தணிகாசலம் என்று ஒருவர், நான்கு கார்பன் வைத்து அடித்தே பழகியவர். அவர் குத்திய குத்தில் ஒரு கீ பெயர்ந்து வந்து மடியில் விழுந்தது.

இவையாவது கண்ணுக்குத் தெரிந்த தப்புகள். தெரியாத தப்பு ஒன்று இருந்தது. நாங்கள் விவரங்களை எண் போட்டு உள்ளே ஏற்றுவோம். பிறகு பயிற்சி கொடுக்க மெட்ராஸிலிருந்து வந்தவர் அதே எண்ணை அடித்துக் கேட்டால், ‘அப்படி ஒரு பதிவு இல்லை’ என்று மெஷின் சொல்லும். அவரே ஏற்றியதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். “வயசானவங்களுக்கு இது வராது சார்” என்று அவர் எங்களை வைத்துக்கொண்டே அதிகாரியிடம் சொன்னார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

தெய்வசிகாமணி சார் இரண்டு நாள் எதையும் அடிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. மெட்ராஸ்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“அந்த ஆளு ஒண்ணு அடிக்கறதுக்கு மேல் வரிசைக்குப் போறாரும்மா. இதுல ஒண்ணுக்குன்னு தனியா ஒரு கீ இருக்குது.”

எங்கள் டைப்ரைட்டர்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கீ கிடையாது. சின்ன ‘எல்’ எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். காகிதத்தில் படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்துவிட்டு, எண்ணை எங்கே என்று தேடச் சொன்னால் அது என்ன செய்யும்?

அன்று மதியமே அவர் சொல்லச் சொல்ல நான் ஸ்டென்சிலில் அடித்தேன். தலைப்பு, ‘கம்ப்யூட்டருக்கு மாறுகிறவர்களுக்குச் சில யோசனைகள்’. குத்தாதே, தொட்டால் போதும். வரி முடிந்தால் இடது கையை மடியில் வைத்துக்கொள். மூன்றாவது யோசனை, ஒன்றை ஒன்றாகவே அடி. கரண்டை நம்பாதே, அரைப் பக்கத்துக்கு ஒரு முறை சேவ் செய். தப்பு செய்தால் மெஷினைத் திட்டாதே, அதற்குக் காது இல்லை, அதிகாரிக்கு இருக்கிறது. கடைசி யோசனையை நான் கொஞ்சம் மாற்றி அடித்தேன்.

“பேரு கீரு போட்டுடாத” என்றார்.

போட்டேன். ‘தயாரித்தவர்: தெய்வசிகாமணி’ என்று அடியில் கொட்டை எழுத்தில் அடித்தேன். பரீட்சை வைக்கிறவர் கண்ணில் பட்டால் இரண்டு மார்க்காவது கூடப் போடுவார், ஏனாம் தப்பும் என்று கணக்குப் போட்டேன்.

ஏழு பேரும் தேறினோம். அவர் முதல், நான் இரண்டாவது. ஒரு வாரம் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் அந்த யோசனைத் தாள் இருந்தது. ஏனாமுக்கும் கம்ப்யூட்டர் வருகிறதாம். அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, பரீட்சையில் முதலாவதாக வந்தவரையே அனுப்பப் போகிறாராம்.

“சார், அவரு வூட்ல அந்த அம்மாவுக்குக் கண்ணு தெரியாது சார்” என்றேன்.

“இது தண்டனை இல்லம்மா, கௌரவம்.”

“எவ்ளோ நாள் சார்?”

“மறு உத்தரவு வர்ற வரைக்கும்.”

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்தப் பெயரைப் போட்ட விரலை ஒடித்துப் போடலாம் போல இருந்தது.

ஊழியர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என்னிடம் இருந்தது. இனிமேல் எந்த உத்தரவும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் என்று அதிகாரி சுற்றறிக்கை விட்டிருந்தார். எண்ணைக் கொடுத்தால் அது ஆளை எடுத்துக் கொடுக்கும். எண் இல்லையென்றால் அதைப் பொறுத்தவரை ஆளும் இல்லை. தெய்வசிகாமணி சாரின் எண் நூற்றுப் பதினொன்று.

சாப்பாட்டு நேரத்தில் ஏசி அறைக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன். அவர் எண் இருந்த இடத்தில் மூன்று எழுத்து அடித்தேன், டைப்ரைட்டரில் பதினைந்து வருஷமாக அடித்த மாதிரியே. சேவ் செய்தேன்.

மூன்று மணிக்கு அதிகாரியே உட்கார்ந்து ஒற்றை விரலால் எண்ணை அடித்தார். ‘பதிவு இல்லை’ என்று வந்தது. மறுபடி அடித்தார். இல்லை. தெய்வசிகாமணி சார் ஒரு கையெழுத்துக்காக ஃபைலோடு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதிகாரி அவரை ஒரு தடவை பார்த்தார், திரையை ஒரு தடவை பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மெட்ராஸ்காரரைத் திரும்பக் கூப்பிட்டால் புது மெஷினில் கோளாறு என்று தலைமைக்கு எழுத வேண்டியிருக்கும். அதற்கு அவர் தயாராக இல்லை.

“அடுத்தது யாரு?” என்றார்.

அடுத்தது நான். என் எண்ணைப் போட்டார், உடனே வந்தது. என் எண்ணைச் சரியாகத்தான் அடித்திருந்தேன். இப்படி ஆகும் என்று தெரியுமா என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். தெரியும். எனக்காக வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை. தம்பி ஒருவன் உண்டு, அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது.

புறப்படும் நாளன்று தெய்வசிகாமணி சார் பார்வதியம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். ஜன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து பட்டியல பாத்தேன். மூணாவது யோசனைய நீயே மறந்துட்டியேம்மா.”

“பழைய பழக்கம் சார். கை கேக்க மாட்டேங்குது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று. “நான் ரிட்டயர் ஆகற அன்னிக்கு நானே அத திருத்திடறேன்” என்றார்.

“என்ன ரகசியம் ரெண்டு பேருக்கும்?” என்றார் பார்வதியம்மா.

“ஆபீஸ் விசயம்.”

பார்வதியம்மா ஜன்னல் கம்பியைத் தடவி என் கையைப் பிடித்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தை வைத்தார். “புது வூடுன்னு பயப்படாத கண்ணு. போன ஒடனே வாசல்லேர்ந்து அடுப்புக்கு எத்தினி அடின்னு எண்ணிக்கோ. அப்புறம் கால் தானா போயிடும்.”

ஏனாம் வீட்டில் பதினான்கு அடி. முதல் ஒரு மாதம் நான் பதினோராவது அடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.