கால் போன கொக்கு

எங்கள் பெரியப்பாவிடம் ஆறு ஜப்பான் பேனாக்கள் இருந்தன. அரக்கு பூசி, அதன்மேல் தங்கப்பொடியில் படம் எழுதிய மைப்பேனாக்கள். அவற்றால் அவர் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியை விரித்து வரிசையாக வைப்பார்; நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கலாம். முதலிடம் எப்போதும் கொக்குப் படம் போட்டதற்குத்தான். கல்யாணமான புதிதில் பெரியம்மா, ரங்கூனிலிருந்து வந்த ஒருவரிடம் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தது அது. அதிலிருந்துதான் அவருக்கு இந்தப் பித்தே பிடித்ததாம்.

விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த ஒருவருக்கும் இதே பித்து. யாரிடம் இருப்பது உசத்தி என்று இருவருக்கும் கடிதத்திலேயே சண்டை நடக்கும். ஒருமுறை நேரிலேயே வந்து பார்த்துவிடுவதாக அவர் எழுதியிருந்தார். பெரியப்பாவுக்கு இரண்டு நாட்களாகக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு ஒன்பது வயது. சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்த வீட்டுப் பெண் என்பதால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு. அச்சாபீஸில் எதில் மை ஒட்டினாலும் டர்பன்டைன் எண்ணெயில் துணியை நனைத்துத் தேய்ப்பார்கள். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சுக்கல்லே அதில் பளிச்சென்று ஆகும்போது பேனா எம்மாத்திரம்? விருந்தாளி வந்து உட்கார்ந்த நேரத்தில், நான் உள்ளே பேனாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து பேனாக்கள் ஜொலித்தன. கொக்குப் பேனாவில் மட்டும் கொக்கின் இரண்டு கால்களும் துணியோடு வந்துவிட்டன. எனக்குப் பயமே வரவில்லை. பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்ட பெருமைதான். மற்ற ஐந்தையும் அள்ளிக்கொண்டு, கொக்குப் பேனாவை நீட்டியபடி கூடத்துக்கு ஓடினேன்.

"பெரியப்பா, இது போலி! பெரியம்மாவ நல்லா ஏமாத்திப்புட்டாக!"

காப்பி கொண்டுவந்த பெரியம்மா அப்படியே நின்றுவிட்டார். முகம் செத்துவிட்டது.

பெரியப்பா பேனாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"கூறு கெட்ட புள்ள. அசல் அரக்குதான் டர்பன்டைன்ல கரையும். இது ஒண்ணுதான் அசல். அந்த அஞ்சும் போலி."

விருதுநகர்க்காரர் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆசையாகத் தடவினார். பெரியம்மாவை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆமா தாயி, அசல்னா அப்படித்தான். அண்ணாச்சி குடுத்து வச்சவுக," என்றார். பெரியம்மாவுக்கு அப்புறம்தான் காப்பி நினைவு வந்தது. அதன்பின் பெரியப்பாவுக்கும் விருதுநகர்க்காரருக்கும் கடிதச் சண்டை நடக்கவில்லை.

அசல் கரையும், போலி கரையாது என்று பள்ளிக்கூடத்திலும், பின்னால் புகுந்த வீட்டிலும்கூட நான் அடித்துப் பேசினேன். மதுரையில் பேனா பழுதுபார்க்கும் ஒருவர்தான் ஒருநாள் சிரித்துவிட்டார். அசல் ஜப்பான் அரக்கை எந்த எண்ணெயும் அசைக்காதாம்.

பெரியப்பா கடைசிவரை அந்த ஐந்தையும் அசல் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் கால் போன கொக்குதான் முதலில் இருக்கும். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தப் போலியெல்லாம் எதுக்குப் பெரியப்பா வச்சிருக்கீக, தூக்கிப் போடுங்க," என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.