மொட்டையும் சப்பாத்தும்

கொலோனில் ரயிலேற்றிவிட்ட மகன் சொன்ன புத்தி ஒன்றுதான்: "அம்மா, மொட்டை அடிச்சுப் பெரிய சப்பாத்துப் போட்டவங்களுக்குக் கிட்ட இருந்திடாதேங்கோ. வெளிநாட்டுச் சனத்தை அடிக்கிறவங்கள்."

சாவகச்சேரியில் தையல் கடை வைத்திருக்கும் சிவயோகம், பிள்ளைகளைப் பார்க்க ஜெர்மனிக்கு வந்திருந்தார். பீலெஃபெல்டில் இருக்கும் மகளிடம் இப்போது தனியாகப் போகிறார். வேண்டாம் என்றதுதானே வந்து வாய்க்கும். எதிர் இருக்கையிலேயே அப்படி ஒருவன் வந்து அமர்ந்தான். மொட்டைத் தலை, காலில் பெரிய சப்பாத்து, கழுத்துவரை பச்சைகுத்து, இடுப்பில் சங்கிலி, உதட்டிலும் புருவத்திலும் வளையம். சிவயோகம் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவன் போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தான். பாதி வாயோரமாய் ஒழுகியது. முகத்தைச் சுளித்தபடி கன்னத்தைப் பொத்தினான். அங்கே புதிதாகக் குத்திய வெள்ளிக் கம்பி. சுற்றிவரச் சிவந்த வீக்கம்.

அந்தச் சுளிப்பு அவருக்குப் பழக்கமானது. காவடி முடிந்து, கன்னத்தில் குத்திய வாயலகு கழற்றிய புருஷனுக்கு, ஒவ்வொரு திருவிழாவிலும் கரண்டியால் மோர் பருக்கியவர் அவர். அப்பாடா என்றிருந்தது.

பையிலிருந்து திருநீறு மடித்த சரையை எடுத்து, அவன் கன்னத்தைக் காட்டினார், பிறகு நெற்றியைக் காட்டினார். அந்தப் பெரிய உடம்பு குனிந்து கொடுத்தது. நெற்றியில் பூசிவிட்டதும், "டாங்கே" என்று மெதுவாக நன்றி சொன்னான்.

அப்போது மகன் போனில் அழைத்தான். "முன்னாலை ஆர் இருக்கினம் அம்மா? பயமில்லையோ?"

"என்ன பயம்? ஆரோ நேர்த்திக்கு அலகு குத்தின பிள்ளை," என்றார் சிவயோகம். "விரதம்தான் ஒழுங்காப் பிடிக்கேல்லைப் போல. நல்லா வீங்கிப்போச்சு."